முதல் கேமராவுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பரீட்சைக்கு வராது, பயப்படாமல் படிக்கலாம்.

காலேஜ் திறந்ததிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான். "சார், மகள் விஸ்காம் சேர்ந்திருக்கா, கேமரா வாங்கணுமாம், எது வாங்கலாம்?" ஒளியியல் நடத்திய வாத்தியாரிடம் கேமரா பற்றிக் கேட்பது நியாயம்தான். ஆனால் போன வாரம் வந்த ஒரு போன் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1996-ல் என்னிடம் பிளஸ் டூ படித்தவர். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகளுக்காக 1,20,000 ரூபாயில் ஒரு கேமரா செட் பார்த்து வைத்திருக்கிறார்கள். முன்பணம் 30,000, மீதி மாதத் தவணை. அந்த முன்பணத்துக்கு மனைவியின் செயினை அடகு வைக்கலாமா என்பதுதான் அவர் யோசனை. "கேமரா இல்லாம க்ளாஸ்ல உட்கார அவளுக்குக் கூச்சமா இருக்காம் சார்" என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு முதல் கேமரா 25,000 ரூபாய்க்குள் போதும். அதைக் கடனில் வாங்கக் கூடாது. அந்தப் பணத்தில் பளபளவென்று புதிய பெட்டி வாங்குவதைவிட, நாலைந்து வருஷம் ஓடிய நல்ல கேமராவை ஆளைப் பார்த்து, பொருளைச் சோதித்து வாங்குவதே புத்திசாலித்தனம். கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது. என் மருமகனுக்கும் பிடிக்கவில்லை. அவர் சொல்வதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் இந்த மெகாபிக்சல். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது இதைத்தான், நம் ஆட்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டுடியோவில் நாம் பிரிண்ட் போடும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1200-ஐ 1800-ஆல் பெருக்க வேண்டும். 21,60,000 புள்ளி. அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே. ஏ4 தாள் முழுக்க அச்சிட 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கியே விடும். பிறகு 48 மெகாபிக்சலும் 64 மெகாபிக்சலும் யாருக்கு?

கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற என்ஜினியர் 1975-ல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் 100-க்கு 100, மொத்தம் 10,000 புள்ளிதான். ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆனது. அங்கிருந்து 20 மெகாபிக்சல் வரை வந்தது உண்மையிலேயே பெரிய வளர்ச்சி. அதற்கு மேல் நம்மைப் போன்றவர்களுக்கு அது விலைச்சீட்டில் இருக்கும் ஓர் எண், அவ்வளவுதான்.

பணம் எதற்குக் கொடுக்க வேண்டும்? வெளிச்சத்துக்கு. கேமராவின் வேலையே வெளிச்சத்தைச் சேகரிப்பது. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வைத்தால் ஒரே நேரத்தில் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? கேமராவுக்குள் இருக்கும் சென்சார்தான் அந்தப் பாத்திரம். சின்ன பாக்கெட் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் சென்சார் 6.17 மில்லிமீட்டருக்கு 4.55 மில்லிமீட்டர், ஏறத்தாழ நம் சுண்டுவிரல் நகத்தில் பாதி. சாதாரண நிக்கான் டிஎஸ்எல்ஆர் ஒன்றில் அது 23.5-க்கு 15.6. பரப்பளவு கணக்கிட்டால் 13 மடங்கு. கேனானில் கொஞ்சம் குறைவு, பெரிய வித்தியாசமில்லை. பத்து வருஷம் பழையதானாலும் சென்சார் சுருங்கிவிடாது. அண்டா அண்டாதான்.

அடுத்தது லென்ஸ். கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 லென்ஸை ஜூம் செய்தால் அதன் வாய் f/5.6 அளவுக்குத்தான் திறக்கும். தனியாகக் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் f/1.8 வரை திறக்கும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள், 9.7 வரும். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். குலசேகரன்பட்டினம் தசரா ராத்திரியில் காளி வேஷம் கட்டி ஆடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். 5.6-ல் ஷட்டர் 1/10 விநாடி திறந்திருக்க வேண்டிய இடத்தில், 1.8-ல் 1/100 விநாடி போதும். முதலாவதில் முகம் புகைபோலக் கலங்கியிருக்கும். இரண்டாவதில் கண் தெரியும், வியர்வை தெரியும். இந்த வித்தியாசத்தை எந்த மெகாபிக்சலும் தராது. அந்த லென்ஸோ, கேமரா உலகத்தில் மிக மலிவான சரக்குகளில் ஒன்று. பழையது 5,000, 6,000-க்குக் கிடைக்கிறது.

இப்போது அந்தப் புதிய பெட்டிகளுக்கு வருகிறேன். இணையத்தில் 6,000 முதல் 10,000 ரூபாய் வரை, கேள்விப்படாத பெயர்களில், "48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்" என்று வரும் கேமராக்கள். என் மைனியின் பேரன் ஒன்று வாங்கி வந்து காட்டினான். பெயரைச் சொல்ல வேண்டாம், பெயர் மாதத்துக்கு ஒன்றாக மாறும். இந்த ரகத்துக்குள் இருப்பது சின்னஞ்சிறு சென்சார். அது பார்த்த புள்ளிகளுக்கு நடுவே இல்லாத புள்ளிகளைக் கற்பனை செய்து நிரப்பித்தான் 48 என்று கணக்குக் காட்டும். 16 மடங்கு ஜூம் என்பதும் லென்ஸ் நகர்வதில்லை, படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அந்தப் பையனின் அம்மா வைத்திருக்கும் போனில் அதைவிட நல்ல படம் வந்தது. புதியது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கும் இந்த 8,000 ரூபாய் கேமராதான் என் பார்வையில் இருப்பதிலேயே விலை அதிகமானது, ஏனென்றால் முழுப்பணமும் வீண்.

மருமகன் சொல்வது இது: "மாமா, இப்ப வர்ற போனே போதும். கேமராவே எதுக்கு?" பாதி சரி. பேத்தியின் பிறந்த நாளுக்கும், குற்றாலத்துக்குப் போனால் அருவி முன்னால் நின்று எடுக்கவும் போன் தாராளமாகப் போதும். அதற்காகக் கேமரா தேடுகிறவர்கள் இந்தப் பதிவை இதோடு நிறுத்திவிட்டுப் பணத்தை வங்கியில் போடுங்கள். போன் சின்ன சென்சாரை வைத்துக்கொண்டு பல படங்களை ஒரே நொடியில் எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சமாளிக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். 50 மெகாபிக்சல் என்று எழுதிய போன்கள் பல, நான்கு புள்ளியை ஒன்றாக்கி சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் வழக்கமாகத் தருகின்றன. அதை ஏன் பெரிய எழுத்தில் போடுவதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் படிக்கிற பிள்ளைக்குப் போன் போதாது. காரணம் படத்தின் தரம் மட்டுமில்லை. போன் எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடும், பிள்ளை எதையும் முடிவு செய்யாது. ஷட்டரைக் குறைத்தால் என்ன ஆகிறது, துளையைத் திறந்தால் பின்னணி ஏன் மங்குகிறது என்று கைவிரலால் திருகித் திருகிப் பார்த்தால்தான் புத்தியில் ஏறும். போனில் வரும் பின்னணி மங்கல் கணக்குப் போட்டு வரைவது. கல்யாணப் பெண்ணின் தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பாதிப் பூவைத் தின்றிருக்கும்.

சரி, 25,000-க்கு என்ன வாங்குவது? கேனானும் நிக்கானும் மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டார்கள், டிஎஸ்எல்ஆரில் புதிதாக எதையும் கொண்டுவருவதாகத் தெரியவில்லை. அதனால் பணக்கார வீட்டுப் பையன்களும் ஸ்டுடியோக்காரர்களும் பழசைக் கழித்துக்கட்டுகிறார்கள். இல்லாதவனுக்கு இதைவிட நல்ல காலம் வராது. நான் விசாரித்த வரையில், நிக்கான் டி3300 அல்லது டி5300, 18-55 லென்ஸோடு 15,000 முதல் 22,000 வரை சொல்கிறார்கள். இரண்டும் 24 மெகாபிக்சல், முறையே 2014-லும் 2013-லும் வந்தவை. போட்டோ மட்டும் என்றால் இவை போதும். வீடியோவும் எடுக்க வேண்டும் என்றால், விஸ்காம் பிள்ளைகளுக்கு அது கட்டாயம், கேனான் 200டி தேடுங்கள். 2017-ல் வந்தது. வீடியோ எடுக்கும்போது ஆள் நகர்ந்தால் போகஸ் கூடவே போகும், திரையைத் திருப்பலாம், வெளி மைக் செருகலாம். சில ஆயிரம் கூடக் கேட்பார்கள். அப்படியானால் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பொங்கலுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கேனான் 1300டி, 1500டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெளி மைக் செருகத் துளை கிடையாது. குறும்படம் எடுக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு பாடியிலும் போகஸ் மோட்டார் உள்ளே கிடையாது. லென்ஸில் மோட்டார் இருக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருந்தால் வாங்கலாம். ஏஎஃப்-டி என்றிருந்தால் மலிவாகத்தான் கிடைக்கும், ஆனால் போகஸைக் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும்.

கூந்தன்குளத்துக்குப் போய்ப் பறவை எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் அது ஏழைகளின் பொழுதுபோக்கு இல்லை. நீண்ட லென்ஸ்கள்தான் கேமராவைவிட விலை. ஆனால் அந்த ஊரில் பறவை வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகிறது, ஊர்க்காரர்கள் பிள்ளைபோலக் காக்கிறார்கள். அதனால் பழைய 55-250 அல்லது 70-300 லென்ஸை வைத்துக்கொண்டு, காலை வெயிலில், பொறுமையாக நின்றால் செங்கால் நாரையும் கூழைக்கடாவும் கிடைக்கும். 60 மடங்கு ஜூம் உள்ள ஒட்டுக்கேமராக்கள் பகல் வெயிலில் பரவாயில்லை. மாலை ஐந்தரைக்கு மேல் அவற்றைப் பையில் போட்டுவிட வேண்டியதுதான். மறுபடியும் அந்த டம்ளர் கதை.

இனிதான் முக்கியமான பகுதி, பழையதை எப்படிச் சோதிப்பது. "பழசு வாங்கினா ஏமாந்துடுவோம்" என்று பயப்படுகிறீர்கள். மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? இதுவும் அப்படித்தான்.

பகலில் போங்கள். கையில் ஒரு சின்ன டார்ச், உங்கள் சொந்த மெமரி கார்டு. லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். இரண்டொரு தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது. சிலந்தி வலைபோல, வேர்போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நம் தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து ஈரத்தில் இதுதான் பெரிய வியாதி. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அந்த லென்ஸைத் தொடாதீர்கள். பாடியின் திருகாணிகளைப் பாருங்கள். துரு இருந்தால் கடற்கரையில் பாடுபட்ட கேமரா. திருகாணித் தலை நசுங்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

அடுத்து துளையை f/16 அல்லது f/22-க்குக் குறைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுங்கள். கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் அழுக்கு. சுத்தம் செய்துவிடலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கோடுபோலத் தெரிந்தால் கீறல், வேண்டாம். அதே கார்டில் பத்துப் பதினைந்து படம் எடுங்கள். கிட்டே, தூரத்தில், ப்ளாஷ் போட்டு, போடாமல். ஒரு நிமிஷம் வீடியோ. கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றே வாங்கியாக வேண்டும், இன்னொருவர் வருகிறார் என்று அவசரப்படுத்தினால் இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும்.

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது வண்டியின் கிலோமீட்டர் மாதிரி. நிக்கானில் எடுத்த படத்துக்குள்ளேயே அந்த எண் பதிந்திருக்கும், இணையத்தில் படத்தை ஏற்றினால் காட்டும் தளங்கள் இருக்கின்றன. டி3300, டி5300 இரண்டையும் ஒரு லட்சம் முறை அடிக்கும்படி சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. 30,000-க்குள் இருந்தால் நல்லது. கேனானில் பெரும்பாலும் படத்தில் பதிவதில்லை, அதனால் பாடியின் தேய்மானத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். கல்யாண ஸ்டுடியோவில் இருந்த கேமரா என்றால் பிடிமான ரப்பர் வழவழப்பாகித் தளர்ந்திருக்கும். வீட்டு உபயோகக் கேமராதான் நமக்கு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் வாங்கித் தந்து, இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு ஊட்டிப் பயணத்துக்கும் எடுத்துப்போய், பிறகு பீரோவில் தூங்கும் கேமராக்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. முதலில் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். இந்தப் பதிவைப் படிக்கும் சொந்தக்காரர்களே, உங்களிடம் ஒன்று தூங்குகிறதா?

கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் விற்பவரின் அடையாள அட்டை நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டாம். இணையத்தில் "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாறுதல், பார்சலில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள்" என்பவரை நம்பாதீர்கள். பணம் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்றால் போனைத் துண்டித்துவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை.

புதியதென்றால் வாரண்டி இருக்குமே என்பார்கள். இருக்கும். அந்தக் காகிதத்துக்காக 20,000 ரூபாய் கூடக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட்டியில்லாத் தவணை என்பதிலும் செயலாக்கக் கட்டணம் உண்டு, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கிடைக்காது. ஒன்றரை வருஷத் தவணை முடிவதற்குள் பிள்ளைக்கு ஆர்வம் எடிட்டிங் பக்கமோ ரேடியோ பக்கமோ திரும்பினால், தவணை திரும்பாது. பழைய கேமராவை 20,000-க்கு வாங்கி ஒரு வருஷம் கழித்து 16,000-க்கு விற்கலாம். 1,20,000 ரூபாய் செட்டைக் கடையை விட்டு வெளியே கொண்டுவந்த அன்றே அதன் விலை இறங்கிவிடும்.

இன்னொன்று, பெற்றோர்கள் இதைத் தயங்காமல் செய்யுங்கள். விஸ்காம் துறை நடத்துகிற கல்லூரி என்றால் துறையில் கேமராக்கள் இருக்கும், இருக்க வேண்டும். கட்டணம் வாங்குகிறார்கள் அல்லவா? துறைத் தலைவரைப் பார்த்து, முதல் வருஷம் துறைக் கேமராவைப் பயன்படுத்த முடியுமா, சொந்தக் கேமரா கட்டாயமா என்று கேளுங்கள். கட்டாயம் என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது. "எல்லாரும் வாங்கிட்டாங்க" என்பது விதிமுறை இல்லை. அந்த லோடு ஆட்டோ அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். மகளிடமும் போனில் பேசினேன். நான் டிரெயினிங் முடித்த காலத்தில் வைத்திருந்தது அக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு ரோலுக்கு 12 படம். நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த கருப்பு வெள்ளை ரோல் போடுவேன். பன்னிரண்டையும் எங்கே செலவழிப்பது என்று ஒரு மாதம் யோசிப்பேன். நீ ஒரு நாளைக்கு 12 படம் மட்டும் எடு, அழிக்காதே, ஒவ்வொன்றுக்கும் என்ன ஷட்டர், என்ன துளை என்று நோட்டில் எழுது என்றேன். "நோட்டா சார்?" என்று சிரித்தாள். எழுதுவாள் என்று நினைக்கிறேன். குரலில் அப்பாவின் பிடிவாதம் இருந்தது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, பாத்திரக் கடையில் மாவு வைக்க விற்பார்களே அது போதும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். தோல் பையில் போட்டுப் பட்டுச்சேலையோடு பீரோவில் வைக்காதீர்கள், அந்துருண்டை கேமராவுக்கு ஆகாது. பேட்டரி மட்டும் நல்லதாக வாங்குங்கள், 300 ரூபாய் போலி பேட்டரி வீங்கி உள்ளேயே மாட்டிக்கொண்டால் கஷ்டம். மெமரி கார்டைத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். லென்ஸைக் கொண்டுவந்தால் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்கிறேன். வெளியூரில் இருப்பவர்கள், விற்பவர் போட்ட விளம்பரப் படத்தை அனுப்பி "சார், இது நல்லதா?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேமராவில், உங்கள் கார்டில், நீங்கள் எடுத்த படத்தை வாட்ஸ்ஆப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்போதுதான் சுருங்காமல் வரும். வெள்ளைச் சுவர் படத்தை மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.